ஒரு சிராய்ப்புகூட இல்லை

திண்டிவனத்தில் என் பிசியோதெரபி கிளினிக் முதல் மாடியில் இருக்கிறது. கீழே செல்போன் கடை, அதற்குப் பக்கத்தில் மருந்துக் கடை. முட்டிவலிக்காரர்களை மாடியேற வைத்துக் கொல்லும் ஒரே ஆள் நான்தான் என்று என் கணவர் கிண்டல் செய்வார். கீழ்த்தளம் கிடைக்காததால் பிடித்த இடம்தான் அது. ஆனால் வந்த பிறகு அதை விட எனக்கு மனசில்லை. காரணம் படிக்கட்டு. வருகிறவர் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உள்ளே உட்கார்ந்திருப்பேன். எந்தக் கால், எவ்வளவு வலி, அதில் எவ்வளவு நடிப்பு என்பதை அவர் கதவைத் தள்ளுவதற்குள் ஓரளவு கண்டுபிடித்துவிடுவேன். சிலர் பாதிப் படி வரை இரண்டு காலையும் சமமாக ஊன்றி ஏறுவார்கள். கதவு கண்ணில் பட்டதும் நொண்டத் தொடங்குவார்கள். நான் ஒன்றும் கேட்க மாட்டேன், மனதில் வைத்துக்கொள்வேன்.

எனக்குச் சந்தேகப் புத்தி. பிறவியில் வந்ததா, தொழிலில் வந்ததா என்று தெரியாது. வீடு விழுப்புரத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் பிடித்துத் திண்டிவனம் வருவேன். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் காலை அகட்டிக்கொண்டு தூங்குகிறவர் நிஜமாகத் தூங்குகிறாரா, நான் இடம் கேட்டுவிடக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரா என்று பார்ப்பேன். இமை துடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். "நீ போலீசுல சேந்திருக்கணும், தெரியாத்தனமா முட்டிக்கு வந்துட்ட" என்பார் என் கணவர்.

ஆனால் இந்தத் தொழிலில் நம்பினால் வேலை கெட்டுவிடும். வீட்டில் தினமும் உடற்பயிற்சி செய்ததாகச் சத்தியம் செய்வார்கள். தொடைத் தசையைத் தொட்டால் கொழகொழவென்று இருக்கும். விளையாடுகிறவர்கள் வேறு ரகம். மற்றவர்கள் வலியைக் கூட்டிச் சொன்னால், இவர்கள் வலியே இல்லையென்று சாதிப்பார்கள். அதனால் யார் வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: எப்படி அடிபட்டது? முட்டி மடங்கியிருக்கும்போது முன்னாலிருந்து இடித்தால் ஒரு ஜவ்வு போகும். பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் வேறொரு ஜவ்வு போகும். எப்படி என்பது தெரிந்தால்தான் எங்கே என்று தேட முடியும். அந்த ஒரு கேள்விக்குப் பொய் சொன்னால் என் கை தப்பான இடத்தில் போய்த் தேடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பெண்ணும் அவள் கணவனும் பொங்கல் முடிந்து கொஞ்ச நாள் கழித்து வந்தார்கள். படியில் இரண்டு பேர் சத்தம் கேட்டது. ஒரு கனமான காலடி, அதன்மேல் சாய்ந்துகொண்டு தத்தித் தத்தி வரும் ஒரு லேசான காலடி. நடிப்பு இல்லை. அவளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் அப்படியே இருந்தது. ஒலக்கூர் தாண்டி ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவன் சரக்கு ஏற்றும் குட்டியானை ஓட்டுகிறவன். கையில் எக்ஸ்ரே வைத்திருந்தான்.

"எலும்புல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க மேடம். சுளுக்குதான், தடவி உட்டா சரியாயிடும்னாங்க."

"எப்படி அடிபட்டது?" என்று நான் அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"வண்டில உழுந்துட்டா மேடம்" என்றான் அவன். "நான்தான் ஸ்கூட்டி ஓட்டிக்கினு போனேன். கிளியனூர் கிட்ட ரோட்ல மணலு இருந்துச்சு. சறுக்கிருச்சு. முட்டி நேரா தார் ரோட்ல அடிச்சிருச்சு."

"நீ சொல்லும்மா."

"அவரு சொன்ன மாதிரிதான்க்கா" என்றாள் அவள்.

முட்டி தேங்காய் போலப் புடைத்திருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தார் ரோட்டில் முட்டி அடித்து விழுந்தவளுக்கு முட்டியில் தோல் உரிந்திருக்க வேண்டாமா? ஒரு சிராய்ப்புகூட இல்லை. காய்ந்த பொருக்கும் இல்லை. உள்ளங்கை சுத்தமாக இருந்தது. வண்டி ஓட்டியவன் முழங்கையிலும் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கணுக்காலுக்கு மேலே மஞ்சள் பாரித்த ஒரு தடம் இருந்தது. புடவையை ஒதுக்கியபோது புஜத்திலும் ஒன்று. இரண்டுமே விரல் தடங்கள். யாரோ ஒருவர் முழு பலத்தோடு அழுத்திப் பிடித்த விரல்கள்.

எனக்கு உடம்பு ஒரு நிமிடம் கொதித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. முட்டி நேராக இடித்தது என்று சொன்னதால் முட்டிச் சில்லை அழுத்திப் பார்த்தேன், பின்பக்க ஜவ்வைப் பார்த்தேன். தொடையை அவள் கட்டை போல இறுக்கி வைத்திருந்ததால் எதுவும் சரியாகப் பிடிபடவில்லை. வீக்கம் வடியட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு அவனிடம், "கீழ மருந்துக் கடையில க்ரேப் பேண்டேஜ் ஒண்ணு வாங்கிக்கிட்டு வாங்க தம்பி" என்றேன். அலமாரியில் என்னிடம் நிறைய இருந்தது.

அவன் இறங்கும் சத்தம் அடங்கியதும் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அடிக்கிறாரா?"

"யாருக்கா?"

"உன் வீட்டுக்காரர்."

"ஐயோ!" என்று எழுந்து உட்கார்ந்தாள். "அவரு தங்கமானவருக்கா."

கணவனைத் தங்கமானவர் என்று இத்தனை அவசரமாகச் சொல்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் பெண்களுக்கான உதவி எண் ஒட்டியிருந்தது. கையை நீட்டி அதைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிதலை நான் ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். இல்லன்னுட்டா."

"அப்ப இல்லன்னுதான அர்த்தம்?"

இந்த மனிதருக்கு உலகம் எப்படி நடக்கிறதென்றே தெரியவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று அவரோடு சரியாகப் பேசவில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் வந்தார்கள். அவன் வெளியே பெஞ்சில் உட்காராமல் உள்ளேயே நின்றான். நான் அவளிடம் எது கேட்டாலும் அவன்தான் வாயைத் திறந்தான். சிகிச்சை முடிந்ததும் அவளுடைய செருப்பைக் கையில் எடுத்து வந்து கட்டிலுக்குக் கீழே போடுவான், குனிந்து வாரை மாட்டிவிடுவான். மற்ற பெண்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். எனக்குக் கூடுதலாக எரியும். கையை நீட்டிவிட்டுப் பிறகு காலைப் பிடிக்கிறவர்கள் எல்லாம் இப்படித்தான் பதமாக நடந்துகொள்வார்கள்.

ஒருநாள் நானே, "வீட்ல வேலைக்கெல்லாம் யார் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அத்தை இருக்காங்கக்கா. டிபன் கடை வெச்சிருக்காங்க." தயங்கிவிட்டுச் சொன்னாள். "இப்பல்லாம் என்னாண்ட ஒரு மாதிரியா இருக்காங்க. அம்மா வூட்டுக்குப் போயி இரு, அம்மா வூட்டுக்குப் போயி இருன்னு தெனம் சொல்றாங்க. நேத்து பையே எடுத்து வெச்சிட்டாங்க."

அவனும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் படம் முழுசாகிவிட்டது. மகன் அடிக்கிறான், மாமியார் துரத்துகிறாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட்டுப்போக இதைவிட வேறென்ன வேண்டும்?

முட்டி மட்டும் இந்தப் படத்துக்குள் அடங்கவில்லை. வீக்கம் வடிந்தது, வலி குறைந்தது, நேராக நடந்தாள். ஆனால் அடுப்படியில் சட்டென்று திரும்பினால் முட்டி நழுவுகிறது என்றாள். "உள்ள எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குற மாதிரி இருக்குதுக்கா." நேராக இடித்த முட்டி அப்படி நழுவாது. அடித்துத் தள்ளியிருந்தாலும், தள்ளிய விதம் வேறாக இருக்க வேண்டும். எப்படித் தள்ளினான், எந்தப் பக்கம் விழுந்தாள் என்று யாரிடம் கேட்பது?

அன்று அவனுக்கு லோடுக்காரர் யாரோ ஃபோன் செய்ய, பேசிக்கொண்டே வெளியே போனான். அவள் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். முட்டியை மடக்கிப் பார்ப்பதற்காக, சொல்லாமல் கொள்ளாமல், பின்னாலிருந்து அவள் கணுக்காலை இறுக்கிப் பிடித்தேன்.

அடுத்த நொடி நடந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. அவள் உடம்பு மொத்தமும் முன்னால் பாய்ந்தது. இடுப்பை முறுக்கி, வலது கையை நீட்டி, கட்டிலின் அந்தக் கோடி விளிம்பை விரல் நுனியால் தொட்டாள். மூச்சை விடவில்லை. உதடு மட்டும் ஓசையில்லாமல் வேகவேகமாக அசைந்துகொண்டிருந்தது. விளிம்பைத் தொட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

நான் கல்லூரிப் போட்டிகளில் முதலுதவிப் பெட்டியோடு எல்லைக் கோட்டோரம் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பாய்ச்சலை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எதிரணி காலைக் கவ்விய பிறகு, நடுக்கோட்டைத் தொட்டுவிட உடம்பு தானாக எடுக்கும் பாய்ச்சல் அது.

கணுக்காலை விட்டேன். "கோட்டைத் தொட்டுட்டியா?" என்று கேட்டேன்.

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிஜமாகவே அழுதாள்.

"அன்னிக்கும் தொட்டுட்டேன்க்கா. பாயிண்டு எங்களுக்குதான்."

எல்லாம் வந்தது. கோலியனூர்ப் பக்கம் பிறந்தவள். பள்ளியிலிருந்தே கபடி. பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்ப மாட்டாளாம். நிச்சயதார்த்தத்தின்போதே மாமியார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள், கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கபடி கிபடி எல்லாம் கூடாது என்று. இவள் வீட்டிலும் சரியென்று தலையாட்டிவிட்டார்கள். கல்யாணமான மூன்றாம் மாதமே இவளுக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புவாள். கணவனே ஸ்கூட்டியில் கொண்டுபோய் பழைய அணியோடு மைதானத்தில் விடுவான். கிளியனூர்ப் பக்கத்தில் நடந்த பொங்கல் போட்டியில், ஒருத்தி கணுக்காலையும் இன்னொருத்தி புஜத்தையும் பிடிக்க, பாதம் மண்ணில் ஊன்றியிருக்க, இவள் உடம்பு கோட்டுப் பக்கம் திரும்பியது. முட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம். சேலைக்குள் மறைத்துவிடலாம் என்று நினைத்த முட்டி, அன்று சாயங்காலத்துக்குள் ஊதிவிட்டது.

வண்டியில் விழுந்தேன் என்பது இந்தப் பக்கத்துக் கபடிப் பையன்கள் காலங்காலமாகச் சொல்லும் பொய். கபடியில் அடிபட்டது தெரிந்தால் வீட்டில் அடுத்த ஆட்டத்துக்கு விட மாட்டார்கள். வண்டியில் விழுந்தால் ஒரு திட்டோடு போய்விடும். மீசை முளைக்காதவன் அதைச் சொன்னால் நான் உடனே, "எந்த டீம்?" என்று கேட்டிருப்பேன். தாலியும் மெட்டியுமாக ஒருத்தி வந்து சொன்னபோது எனக்கு அது தோன்றவே இல்லை.

அவன் ஃபோனை அணைத்துவிட்டு உள்ளே வந்தான். இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இத்தனை நாளா என்னை வெச்சு விளையாடினீங்களா? வேற இடத்துல அடிபட்டதுக்கு வேற இடத்துல வைத்தியம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்! ஆஸ்பத்திரியில இதையேதான சொன்னீங்க? அப்புறம் அவங்க மட்டும் என்ன செய்வாங்க?"

"பயமா இருந்துச்சு மேடம்" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அதையும் நான் உற்றுப் பார்த்தேன்.

அவளை மல்லாக்கப் படுக்கவைத்தேன். மறைக்க ஒன்றும் இல்லாததால் தொடை தளர்ந்திருந்தது. முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கெண்டைக்கால் எலும்பை முன்னால் இழுத்தேன். நல்ல முட்டியில் கொஞ்சம் வந்ததும் கயிறு இழுத்துப் பிடித்தாற்போல் டக்கென்று நிற்கும். அவள் வலது முட்டியில் அப்படித்தான் நின்றது. இடது முட்டியில் எலும்பு என் கையோடு வந்துகொண்டே இருந்தது. பிடித்து நிறுத்த உள்ளே எதுவுமில்லை.

விழுப்புரத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். முட்டிக்குள் குறுக்கே ஓடும் முன்பக்க ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது. இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பும் ஓரத்தில் கிழிந்திருந்தது. எலும்பு மருத்துவர் அறுவை சிகிச்சை வேண்டும் என்றார். செய்துகொண்டால் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பயிற்சி. செய்யாவிட்டால் வீட்டு வேலை பார்க்கலாம், நேராக நடக்கலாம். ஆனால் திரும்பும்போதெல்லாம் நழுவி நழுவி அந்த மெத்தை தேய்ந்துவிடும். நாற்பது வயதில் கிழவி முட்டி.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஆப்பரேசன் பண்ணா மறுபடி ஆடலாமாக்கா?"

"நான் சொல்றதை ஒண்ணு விடாம செஞ்சா ஆடலாம். உறுதியெல்லாம் தர மாட்டேன்."

"அம்மாகிட்ட இன்னா சொல்றது மேடம்?" என்றான் அவன். "சுளுக்குன்னு சொல்லி வெச்சிருக்கோம். சுளுக்குக்கு யாராவது ஆப்பரேசன் பண்ணுவாங்களா? ஏற்கெனவே அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சுன்னு நெனைக்கிறேன். அதான் இவள இவங்கம்மா வூட்டுக்குத் தொரத்திக்கினு இருக்காங்க."

என் சந்தேகம் இடம் மாறி உட்கார்ந்தது. ஆடச் சொல்லி இவளைத் தள்ளுவது இவன்தானோ? பெண்டாட்டி ஆடுவதில் இவனுக்கு என்ன ஆதாயம்? நேராகவே கேட்டேன்.

"நான் வேணாம்னுதான் மேடம் சொல்றேன். அன்னிக்கு ஒத்தக் கால்ல கோட்டத் தாண்டி வந்தா பாருங்க, எனக்குக் குலையே நடுங்கிருச்சு." அவளைத் திரும்பிப் பார்த்தான். "ஆனா இவ ஆடும்போது நீங்க பாத்ததில்ல. பாத்தா நீங்களும் வேணாம்னு சொல்ல மாட்டீங்க."

பாதி நம்பினேன். மீதியை எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள், அதுவரை இந்தப் படியேற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். கோபத்தில் சொன்னதுதான். அவர்கள் நிஜமாகவே வரவில்லை.

நாள் போகப் போக எனக்குக் கவலை ஏறியது. இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடப் போயிருப்பாளோ? பஸ்ஸில் வரும்போது சாலையோரம் எங்கே கபடிக் கோடு போட்டிருந்தாலும் எட்டிப் பார்த்தேன். ஃபோன் செய்தால் எடுத்து, "சொல்லிடுறோம்க்கா, சொல்லிடுறோம்" என்றாள். அந்தக் குரலில் சொல்கிறவர்கள் எதையும் சொல்ல மாட்டார்கள்.

மாசி வெயில் ஏறிய ஒரு நாள் படியில் புதிய சத்தம் கேட்டது. நல்ல கால் ஒரு படி ஏறும், இன்னொரு கால் அதே படிக்கு இழுத்துக்கொண்டு வரும். கூடவே கை சுவரைத் தேய்க்கும் சத்தம். வயசாகித் தேய்ந்த முட்டி என்றால் இரண்டு காலும் அழும். இது ஒரு கால் மட்டும். எப்போதோ பட்ட அடி என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்தவளுக்கு ஐம்பதுக்கு மேலிருக்கும். புடவையில் எண்ணெயும் தாளிப்பும் மணத்தது. கையில் ஒரு துணிப்பை.

"நான் ஒலக்கூருக்கு அந்தாண்டலேர்ந்து வர்றேன். டிபன் கடை வெச்சிருக்கேன். எம் மருமவ இங்கதான் காலு காட்டிக்கினு இருந்தா."

உளவு பார்க்க வந்திருக்கிறாள் என்று உடனே நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருமகள் கபடி ஆடினாளா என்று என் வாயைக் கிளறப் போகிறாள். ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

"ஒருத்தர் கால் விஷயம் இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டேங்கம்மா" என்றேன்.

"நீங்க சொல்ல வேணாம் டாக்டரம்மா. எனக்குத் தெரியும்." கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வண்டில உழுந்துட்டேன்றா. வண்டிய நானு சுத்திச் சுத்திப் பாத்தேன். ஒரு கீறலு இல்ல. அவ முட்டில ஒரு செராப்பு இல்ல. கையில அஞ்சு வெரலும் பதிஞ்சு கெடந்துச்சு. நான் ஒண்ணும் கொழந்த இல்ல."

அத்தனையும் நான் பார்த்தவை. அதே வரிசையில்.

"எம் மவன் அடிக்கிறான்" என்றாள். "அவங்கப்பன் மாதிரியே ஆயிட்டான். நான் பெத்து, நான் வளத்து, அதே கைய வளத்து வெச்சிருக்கேன்."

மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அவள அவங்கம்மா வூட்டுக்குப் போயிடுன்னு தெனமும் சொல்றேன். போவ மாட்டேங்கறா. இன்னும் அவன் பின்னாலயே சுத்திக்கினு கெடக்கறா. நானும் அப்டிதான் கெடந்தேன், அதனால சொல்றேன். நான் சொன்னா மாமியாக்காரி தொரத்தறான்னு நெனைக்கறா. நீங்க சொல்லுங்க. படிச்சவங்க சொன்னா கேப்பா. துணியெல்லாம் கொண்டாந்துட்டேன், இங்கேர்ந்தே அப்டியே அனுப்பிச்சிடுங்க. எம் மவன நான் பாத்துக்கறேன்."

துணிப்பையை என் மேஜைமேல் வைத்தாள். மேலே மடித்து வைத்திருந்த சுடிதாரின் ஓரம் தெரிந்தது.

எத்தனையோ பொய்களைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டவள் நான். இந்த அம்மாள் பையைக் கட்டியதற்கு இப்படி ஒரு காரணம் இருக்குமென்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை. தன் மகனிடமிருந்து மருமகளைக் காப்பாற்ற மாடியேறி வந்திருக்கிறாள்.

"அம்மா, உங்க பையன் அடிக்கல" என்றேன்.

"நீங்களும் அவன் பக்கமா?"

"சத்தியமா அடிக்கல. மீதியை அவங்க வாயால கேளுங்க."

என் பேச்சை அவள் துளியும் நம்பவில்லை. நம்பாத கண் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். "உங்க அத்தை இங்க உக்காந்திருக்காங்க. ரெண்டு பேரும் உடனே வாங்க. வரலன்னா நானே சொல்லிடுவேன்" என்றேன். காத்திருந்த நேரம் முழுவதும் அந்த அம்மாள் நான் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. படிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தார்கள். மாமியாரைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. மேஜைமேல் தன் சுடிதாரைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்றே நினைத்திருப்பாள். கணவன் ஏதோ சொல்ல வாயெடுக்க, கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கபடி ஆடினேன் அத்தை. கல்யாணத்துக்கு அப்புறமும் ஆடிக்கினுதான் இருந்தேன். பொங்கலுக்கு ஆடும்போது காலு போயிடுச்சு. ஜவ்வு அறுந்துடுச்சு, ஆப்பரேசன் பண்ணணுமாம். அவர ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் பொய் சொல்லச் சொன்னேன்."

அந்த அம்மாள் மருமகளைப் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்தாள்.

"நீ அடிக்கல?"

"இன்னாம்மா?"

"நீ இவள அடிக்கல?"

"நான் ஏம்மா அடிக்கப் போறேன்?" அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவையும் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெல்லப் புரிந்தது. அவன் முகம் விழுந்த விதத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "என்னையா? என்னையாம்மா அப்டி நெனச்ச?"

அந்த அம்மாள் எழுந்து போய் அவன் புஜத்தில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அந்த இடத்தையே பிடித்துக்கொண்டு அழுதாள். மருமகள் பக்கத்தில் போய் நின்று அவள் முதுகைத் தடவினாள்.

"கபடிதானா?" என்று மாமியார் அழுகைக்கு நடுவில் ஒருமுறை கேட்டாள்.

"கபடிதான் அத்தை."

"வெறும் கபடிதானா?"

அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கு, ஊர் பேச்சு, அரை டவுசர் என்று வரிசையாகத் திட்டினாள். நான் குறுக்கே போகவில்லை. அடிபட்ட பையன்களுக்கு வீட்டில் கிடைக்கும் அதே திட்டு. கடைசியில், "எப்ப ஆப்பரேசன்?" என்றாள். அப்புறம் ஆடுவதைப் பற்றிப் பேச்சே இருக்கக் கூடாது என்றும் சொன்னாள். அந்தப் பெண் சரியென்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. மாமியாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

அவர்கள் இருவரையும் கீழே வண்டிக்கு அனுப்பிவிட்டு, "நீங்க கொஞ்சம் இருங்கம்மா" என்றேன். "இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கீங்க. உங்க காலையும் பாத்துடுறேன்."

"அது பழைய கதை. உடுங்க."

விடவில்லை. கட்டிலில் படுக்கவைத்து, நல்ல காலை முதலில் பார்த்தேன். பிறகு வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "எப்படி அடிபட்டது?"

"கெணத்தாண்ட பாசி வழுக்கி..." என்று சட்டென்று வந்தது. பல வருஷம் பலரிடம் சொல்லிச் சொல்லி வழுவழுப்பான பதில். பாதியில் நின்றாள். கீழே மகன் ஸ்கூட்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவங்கப்பா. வாசப்படியில காலு மாட்டிக்கிச்சு, முடியப் புடிச்சுத் திருப்பி இழுத்தாரு. உள்ள டப்புன்னுச்சு."

தொடையைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்கால் எலும்பை முன்னால் இழுத்தேன். நரநரவென்று தேய்ந்த எலும்பு. ஆனாலும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் என் கையோடு வந்தது.

"இன்னா தெரிது?" என்றாள்.

"உங்க மருமகளுக்கு அறுந்த அதே ஜவ்வுதாங்கம்மா உங்களுக்கும் அறுந்திருக்கு."

"அதே ஜவ்வா?"

"அதேதான்."

பிறகு எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மேஜைமேலிருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"அவளுது வெளையாட்டுலதான போச்சு?" என்றாள்.

"ஆமாங்கம்மா. விளையாட்டுலதான்."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படி, ஒரு படியாக இறங்கினாள். "வெளையாட்டுலதான் போச்சாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனது கடைசிப் படி வரைக்கும் எனக்குக் கேட்டது.